சுடு... சுடு... சுடு! விண்வெளிச் சண்டையில் அடிபடுவது யார்?

உங்கள் வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு பையனோ பெண்ணோ இருக்கிறார்களா? அப்படியானால் இந்தப் பேச்சு உங்கள் காதுக்குப் புதிதாக இருக்காது.

"இரும்மா, இன்னும் ஒரே ஒரு வரிசைதான் பாக்கி... இதோ முடிச்சுட்டு வர்றேன்!"

அந்த ஒரு வரிசை முடிவதற்குள் தட்டில் போட்ட சோறு ஆறிவிடும். குழம்பில் ஆடை படிந்துவிடும். 'எந்த நேரமும் அந்த போனைக் கட்டிக்கிட்டு அழு' என்று அம்மா திட்ட, 'சின்னப் பையன்தானே, விளையாடட்டும் விடு' என்று தாத்தா பரிந்து பேச, வீட்டில் ஒரு குட்டிச் சண்டையே நடந்து முடியும். விளையாடுகிறவனுக்கு மட்டும் எதுவும் காதில் விழாது. அவன் வேறொரு சண்டையில் இருக்கிறான்!

இந்தச் சண்டையில் உடம்புக்கு என்னதான் ஆகிறது? கண் கெடுமா? கை வலிக்குமா? வலிப்பு வரும் என்கிறார்களே, நிஜமா? காஞ்சிபுரத்தில் என் சிகிச்சை அறைக்கு வரும் தாய்மார்கள் வாரத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

தறி நெய்யும் ஊருக்குப் புரிகிற ஆட்டம்

இன்றைக்குப் போனில் இருக்கும் சுடும் ஆட்டங்களுக்கெல்லாம் ஒரு பெரியப்பா உண்டு. அதன் பெயர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. விண்வெளியிலிருந்து படையெடுத்து வருபவர்கள் என்று அர்த்தம். ஜப்பானில் டைட்டோ என்ற கம்பெனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ என்ற பொறியாளர் உருவாக்கி, 1978-ல் வெளிவந்தது. காசு போட்டு, நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ ஆடும் பெட்டி அது.

ஆட்டம் ரொம்ப எளிது. திரையின் மேலே வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசையில் 55 விசித்திர ஜந்துக்கள். அவை பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கும். கீழே உங்களிடம் ஒரு பீரங்கி. ஒளிந்துகொள்ள நான்கு தடுப்புகள். மூன்று உயிர். ஜந்துக்கள் தரையைத் தொடுவதற்குள் சுட்டுத் தள்ள வேண்டும். அவ்வளவுதான்!

மனிதர்களைச் சுடுவது போல் வைக்கக் கூடாது என்பதால்தான் வேற்றுக்கிரக ஜந்துக்கள் வந்தன. எச்.ஜி. வெல்ஸ் 1898-ல் எழுதிய செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாவலில் எட்டுக்கால் பிராணி போல ஜந்துக்கள் வருமே, அதுதான் நிஷிகாடோவுக்கு முன்மாதிரி. எட்டுக்கால் கணவாய், நண்டு, கணவாய் மீன் என மூன்று உருவங்களைக் கட்டம் கட்டமாக வரைந்தார். கணவாய் உருவத்துக்குக் குறுக்கே எட்டு, நெடுக்கே எட்டு என்று மொத்தம் 64 கட்டங்கள்தான்!

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பட்டுச்சேலையில் அன்னப்பட்சியோ மயிலோ யானையோ போட வேண்டுமென்றால் முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில்தானே வரைகிறோம்? அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறோம். துளை இருக்கும் இடத்தில் இழை தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. திரையிலும் அதே கதை. கட்டத்தில் விளக்கு எரிந்தால் உருவம், எரியாவிட்டால் இருட்டு.

ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கு மிட்வே கம்பெனி மூலம் போனது. 1980-ல் அடாரி கம்பெனி, வீட்டு டி.வி.யில் இணைத்து ஆடும் விதமாகக் கொண்டுவந்தது. இதைப் பார்த்து 'கேலக்சியன்' (1979), 'கேலகா' (1981) என்று நாம்கோ கம்பெனியின் ஆட்டங்கள் கிளம்பின. தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் கேசட் செருகி டி.வி.யில் ஆடினார்களே, அந்தப் பெட்டிகளிலும் இந்த வகை ஆட்டங்கள்தான். அன்று ஆடிய பையன்கள் இன்று அப்பாக்கள். இப்போது அவர்கள் பிள்ளைகள் கையில் அதே சண்டை, போனுக்குள்!

இதயம் போல் அடிக்கும் சத்தம்

இந்த ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஜந்துக்கள் குறையக் குறைய, மீதி இருப்பவை வேகமாக ஓடும். கடைசியாக மிஞ்சும் ஒன்று பேய் பிடித்த மாதிரி பாயும்.

இது திட்டம் போட்டுச் செய்ததல்ல. பெட்டிக்குள் இருந்த இன்டெல் 8080 என்ற சில்லு, 55 உருவங்களையும் ஒவ்வொன்றாக நகர்த்தி வரைவதற்குள் திணறியது. உருவங்கள் குறைந்தால் அதன் வேலை குறையும், வேகம் கூடும். நிஷிகாடோ இதைக் கவனித்தார். ஆட்டத்தில் விறுவிறுப்பு ஏறுகிறதே என்று அப்படியே விட்டுவிட்டார்.

கூடவே ஒரு சத்தம். 'டும்... டும்... டும்... டும்...' என்று நாலே நாலு கனத்த சுரங்கள், திரும்பத் திரும்ப. ஜந்துக்கள் வேகமெடுக்க எடுக்க அந்தச் சத்தமும் வேகமெடுக்கும். கேட்பதற்கு நெஞ்சு துடிப்பது போலவே இருக்கும்.

ஆபத்து கிட்டே வருகிறது என்று மனசு நம்பிவிட்டால் போதும், அது நிஜப் பாம்பா, திரைப் பாம்பா என்று உடம்பு விசாரித்துக்கொண்டிருக்காது. அட்ரினலின் சுரக்கும். நாடி படபடக்கும். உள்ளங்கை வேர்க்கும். மூச்சு மேலாக ஓடும். தோளும் கழுத்தும் விறைக்கும். கண் இமைப்பது குறையும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பு என்பதே கிடையாது! 55 பேரையும் சுட்டு முடித்தால் அடுத்த 55 பேர் வந்து நிற்பார்கள், முன்னைவிடக் கீழே இறங்கி. பீரங்கி மூன்றும் போகும்வரை, இல்லை ஜந்துக்கள் தரையைத் தொடும்வரை ஆட்டம் ஓடும். நடுவில் நிறுத்தி வைக்க அந்தப் பெட்டியில் பொத்தானும் இல்லை. எழுந்து போனால் போட்ட காசு போச்சு.

சேலைக்கு முந்தானை உண்டு. நெய்து முடித்ததும் அறுத்து எடுத்துவிடலாம். இந்த ஆட்டத்துக்கு முந்தானை கிடையாது. உடம்புக்கு வரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

மருத்துவ ஏடுகளில் ஏறிய விளையாட்டு

ஆட்டம் பரவிய மூன்றே வருஷத்தில் மருத்துவர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 1981-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஏட்டில் வெளியான ஒரு கடிதம், 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மணிக்கட்டு' என்று இந்த மணிக்கட்டு வலிக்குப் பெயரே வைத்துவிட்டது! அதே வருஷம் 'லான்செட்' ஏட்டில், இந்த வகை ஆட்டத்தின்போது வரும் வலிப்பைப் பற்றி எழுதினார்கள். 1990-ல் இன்னொரு சேதி. 35 வயதுப் பெண்மணி ஒருவர் நின்டென்டோ ஆட்டத்தை ஐந்து மணி நேரம் விடாமல் ஆடி, வலது கட்டைவிரலில் தாங்க முடியாத வலியோடு வந்தார். அதற்கு 'நின்டென்டினைட்டிஸ்' என்று பெயர்!

வலிப்பு விஷயத்தில் தேவையில்லாத பயம் வேண்டாம். வலிப்பு நோய் உள்ள நூறு பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் விட்டு விட்டு மின்னும் வெளிச்சம் வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பர் 16-ம் தேதி ஜப்பானில் 'போக்கிமான்' டி.வி. தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய ஒரு காட்சியால் 600-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. அதன் பிறகு அங்கே மின்னும் காட்சிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். ஆகவே, வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால், மின்னல் அடிக்கும் ஆட்டங்கள் ஆடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டு ஆடுவது அவர்களுக்கு இன்னும் ஆகாது.

பதினான்கு வேகங்கள்

இனி சித்த மருத்துவம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 'சித்தர் காலத்தில் வீடியோ கேம் ஏது வைத்தியரே?' என்று நீங்கள் சிரிக்கலாம். ஆட்டம் இல்லை, உடம்பு இருந்ததே!

பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்குப் பாடம் நடத்தும்போது பதினான்கு வேகங்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்வார்கள். வேகம் என்றால் உடம்பு தானாக எழுப்பும் உந்துதல். கீழ்வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு. இந்தப் பதினான்கையும் வலுக்கட்டாயமாக அடக்கினால் வாதம் முதலில் கெடும். அதிலிருந்து ஒவ்வொரு நோயாக வரும் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை.

இப்போது ஆட்டத்தில் மூழ்கியிருக்கும் பையனை நினைத்துப் பாருங்கள். சிறுநீர் முட்டுகிறது, காலைப் பின்னிக்கொள்கிறான். மலம் வருகிறது, 'அப்புறம்' என்கிறான். பசி, தாகம் இரண்டும் தெரிவதில்லை. கொட்டாவி வருகிறது, தூக்கத்தைத் தள்ளிப் போடுகிறான். களைப்பை மதிப்பதில்லை. பதினான்கில் ஏழு வேகங்களை ஒரே இருப்பில் அடக்கிவிட்டான்! 'ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது' என்று பாட்டிகள் சொன்னது சும்மாவா?

தச வாயுக்களில் கூர்மன் என்று ஒன்று உண்டு. கண்ணை இமைக்க வைப்பது அதன் வேலை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். திரையை முறைத்துப் பார்க்கும்போது இது பாதிக்கும் கீழே போய்விடும் என்று இன்றைய கண் மருத்துவமும் சொல்கிறது. இமைத்தால்தானே கண்ணீர் பரவும்? பரவாவிட்டால் எரிச்சல், உறுத்தல், மணல் விழுந்த மாதிரி அரிப்பு.

வியானன் என்ற வாயு கைகால்களை நீட்டவும் மடக்கவும் வைப்பது. ஒரே விரலை ஆயிரம் தடவை ஒரே மாதிரி அழுத்தினால் அங்கே வாதம் மிகும் என்போம். நவீன மருத்துவர் இதையே, கட்டைவிரலின் தசைநாண் ஓடும் உறை உரசி வீங்குகிறது என்பார். வார்த்தைதான் வேறு, பையனுக்கு வலி ஒன்றுதான்.

ஒரு நெசவாளர் சொன்ன வைத்தியம்

பிள்ளையார்பாளையம் பக்கத்திலிருந்து பதினோரு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டிவந்தார். "சூடு பிடிச்சிருக்குங்க. நீர்க்கடுப்பு. அடிவயிறு வலிக்குதுங்கிறான்" என்றார். வெயில் காலம் என்பதால் அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கிருமித்தொற்று இருந்தது. அதற்கான மருந்து கொடுத்து குணமாயிற்று. ஆனால் இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கடுப்பு!

தோண்டித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு தறியில். பையன் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று கையில் போன். மத்தியானம் ஒரு மணிக்கு உட்கார்ந்தால் நாலு மணி வரை எழுந்திருப்பதில்லை. தண்ணீரும் குடிப்பதில்லை, சிறுநீரும் போவதில்லை. மலச்சிக்கல் வேறு. சிறுநீர்ப்பையில் நீர் தேங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம்தானே?

கூட வந்திருந்த தாத்தா அதுவரை பேசாமல் இருந்தார். ஐம்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். அவர் சொன்னார்: "எனக்கு நாடாவில தார் தீர்ந்துடும், நிறுத்தித்தான் ஆகணும். இழை அறுந்தா முடிச்சுப் போட நிறுத்தணும். தறியே நம்மள எழுப்பி விட்டுடும். இவன் கையில இருக்கறது எழுப்பறதே இல்லையே!"

எவ்வளவு சரியான பேச்சு! தறிவேலை சொகுசான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. முதுகுவலி, முழங்கால் வலி, கண் மங்கல் என்று என்னிடம் வருகிறவர்களில் நெசவாளர்கள்தான் அதிகம். ஆனாலும் தார் மாற்றும் அந்த நிமிஷத்தில் கை தளர்கிறது. கண் பாவை விட்டு வெளியே பார்க்கிறது. தொண்டையில் ஒரு வாய் தண்ணீர் இறங்குகிறது.

தாத்தா வீட்டுக்குப் போய் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். அவர் தார் மாற்ற நிறுத்தும்போதெல்லாம் "டேய், தார் தீர்ந்துடுச்சு, எழுந்திரு!" என்று குரல் கொடுப்பார். பையன் எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும். பின்கட்டுக்குப் போய்வர வேண்டும். அதன் பிறகு அவனுக்கு அந்தக் கடுப்பு திரும்பவில்லை. மருந்தைவிட அந்தக் குரல்தான் வேலை செய்தது என்பேன்.

அப்படியானால் ஆடவே கூடாதா?

அப்படி இல்லை. 2007-ல் அமெரிக்காவில் 33 அறுவைச் சிகிச்சை மருத்துவர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பு வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடியவர்கள், சிறு துளை வழியாகச் செய்யும் அறுவைப் பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகவே தவறு செய்தார்கள். கண்ணும் கையும் ஒத்துப் போகும் பழக்கம் கிடைக்கிறது. கோர்வை போடும் நெசவாளிக்கு இது தெரியும். கவனியுங்கள், வாரத்துக்கு மூன்று மணி நேரம், நாளுக்கு அல்ல!

மறுபக்கம், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'கேமிங் நோய்' இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகிப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது... இவை பொதுவாக ஒரு வருஷம் நீடித்து, படிப்பும் குடும்பமும் பாதித்தால்தான் நோய் என்பார்கள். விடுமுறையில் நாலு நாள் அதிகம் ஆடியதற்கெல்லாம் பிள்ளைக்கு 'அடிமை' என்று பட்டம் கட்டிவிடாதீர்கள். நிஜமாகவே கைமீறிப் போனால் மனநல மருத்துவரிடம் கூச்சமில்லாமல் காட்டுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. ஆட உட்காரும் முன் மூன்று காரியம்: சிறுநீர் கழிப்பது, ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது, பசித்தால் சாப்பிடுவது. 'சாப்பிட்டால்தான் போன்' என்று பேரம் பேசாதீர்கள்; போனுக்காக அவசர அவசரமாக விழுங்குவான்.

2. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபதடிக்கு அப்பால் இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். மாடிக்குப் போய் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தைப் பார்த்தால் இன்னும் விசேஷம். கண்ணை மெதுவாகப் பத்துத் தடவை மூடித் திறக்கட்டும்.

3. நடு ஆட்டத்தில் போனைப் பிடுங்காதீர்கள். அந்தச் சமயத்தில் அவன் உடம்பு சண்டை வேகத்தில் இருக்கிறது. கோபமும் அழுகையும்தான் மிஞ்சும். 'இந்தச் சுற்று முடிஞ்சதும் எழுந்திரு' என்று முன்னாலேயே சொல்லி, முடியும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள்.

4. தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்டம் நிற்கட்டும். படபடத்த நாடி அடங்க நேரம் வேண்டும்.

5. கட்டைவிரலோ மணிக்கட்டோ வலித்தால் முதல் மருந்து ஓய்வு. உளுந்துத் தைலம் அல்லது நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி மெல்லத் தடவி, நொச்சியிலையை வதக்கித் துணியில் கட்டி இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். அழுத்திப் பிசையக் கூடாது. ஒரு வாரத்தில் தணியாவிட்டால், விரல் மரத்துப் போனால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. கண் எரிச்சலுக்குத் தாய்ப்பால், தேன், இலைச்சாறு என்று எதையும் கண்ணில் விடாதீர்கள். பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் இவையெல்லாம் சாப்பாட்டில் சேரட்டும். சளி, காய்ச்சல் இல்லாத சனிக்கிழமைகளில் எண்ணெய்க் குளியல் நல்லது. பார்வை மங்கினால் கண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

7. தினமும் பகல் வெளிச்சத்தில் வெளியே ஓடியாடட்டும். வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு.

8. ஆடும்போது யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியைத் திணிப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது இரண்டும் வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டாலோ, முதல் தடவை வந்ததென்றாலோ உடனே ஆஸ்பத்திரி. வழக்கமாகச் சாப்பிடும் வலிப்பு மாத்திரையை யார் சொன்னாலும், சித்த மருந்து எடுக்கிறோம் என்பதற்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பையனை அதட்டும்போது உங்கள் கையில் இருக்கும் போனையும் ஒரு பார்வை பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் சீரியலைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தால், சிறியவனும் எழுந்து குடிப்பான். பதினான்கு வேகங்கள் குழந்தைக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல, நமக்கும் சேர்த்துத்தான். இன்று சாயங்காலமே ஆரம்பித்துப் பாருங்களேன்!